பயன் என்ன என்று கேட்கும் மாணாக்கன்

தமிழ் வகுப்பில் ஆண்டுதோறும் தவறாது நிகழ்வது ஒன்றுண்டு. பாடநூலில் செம்மொழியின் சிறப்பைப் பற்றிக் கட்டுரை ஒன்று இடம் பெற்றிருக்கும். தொன்மை, தனித்தன்மை, தாய்மை, பொதுமை எனத் தமிழின் தகுதிகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப் பெற்றிருக்கும். ஆசிரியர் உரக்கப் படிப்பார், மாணாக்கர் அடிக்கோடிடுவர், தேர்வில் அவற்றை வரிசை பிறழாமல் எழுதியவர் முழு மதிப்பெண் பெறுவர். அம்மட்டில் பழந்தமிழ் இலக்கியத்தின் பெருமை நிலைநாட்டப்பட்டதாகக் கொள்ளப்படும். அத்தகுதிகளுக்கெல்லாம் சான்றாக நிற்கும் பாட்டு ஒன்றேனும் அம்மாணாக்கன் நெஞ்சில் இறங்கியதா என எவரும் கேட்பதில்லை. தேர்வுத் தாளில் அதற்கென ஒரு வினாவும் இல்லை.

இந்நிலையில், கடைசி இருக்கையிலிருந்து ஒருவன் எழுந்து, "ஐயா, இதையெல்லாம் படித்து எங்களுக்கு என்ன பயன்?" எனக் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? வகுப்பு சிரிக்கும். ஆசிரியர் முகம் சிவக்கும். தாய்மொழியைப் பற்றி இப்படியும் ஒருவன் கேட்பானா என வெகுள்வார். அவனை உட்காரச் சொல்வார். மீண்டும் தொன்மையைப் பற்றியே தொடர்வார். கேட்டவன் மொழிப்பற்று அற்றவன் என முத்திரை குத்தப்படுவான். ஆனால் அவன் கேட்டது பழியுரை அன்று, இழிவுரையும் அன்று. இன்று தமிழர் கையில் கழக இலக்கியங்கள் என்று சொல்லிக்கொள்ள அச்சிட்ட நூல்கள் இருக்கின்றன என்றால், அதற்குத் தூண்டுதலாய் அமைந்ததும் ஏறத்தாழ இதே கேள்விதான்.

1880-ஆம் ஆண்டு. குடந்தை அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்று ஓராண்டும் நிரம்பாத இருபத்தைந்து அகவை இளைஞர் உ.வே. சாமிநாதையர். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பாடங்கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என அவர் கற்றவற்றுக்குக் கணக்கில்லை. அவ்வூருக்கு உரிமைமன்ற நடுவராக (முன்சீப்பாக) மாறி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர் என அவர் கேட்டார். இளைஞரும் பெருமிதத்தோடு தாம் கற்றவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின், இவற்றையெல்லாம் படித்ததனால் ஆய பயன் என்ன என்னும் பொருள்படச் சொல்லி, இவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டா என அவர் வினவினார். சிந்தாமணியையும் மணிமேகலையையும் பெயரளவில் அன்றி அறியாதிருந்த ஆசிரியர்க்கு அஃது அடியாக விழுந்தது. தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதனை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அதற்குப் பின் நடந்ததைத் தமிழுலகம் அறியும். 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை, 1903-இல் ஐங்குறுநூறு, 1937-இல் குறுந்தொகை எனச் சுவடிகள் அச்சேறின. (இவ்வரிசையைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கின்றனர். அவ்வரிசைக்கு முன்னிருந்த கேள்வியை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.)

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத் தக்கது இன்னொன்று உண்டு. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் படியை வீட்டிற்குக் கொண்டுவந்து விரித்தவர்க்கு அது விளங்கவில்லை. இலக்கணமும் செய்யுளும் அவர்க்குத் தெரியும். நூலில் வரும் சமண வாழ்வு தெரியாது. என் செய்தார்? குடந்தையில் வாழ்ந்த சமணக் குடும்பத்தாரைத் தேடிப் போனார். அவர்கள் பல்கலைப் புலவர்கள் அல்லர். வாணிகத்தில் இருந்த இல்லறத்தார். ஏட்டில் புரியாமல் கிடந்த சொற்களெல்லாம் அவர்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் சொற்களாக இருந்தன. கல்லூரி ஆசிரியர் அவர்கள்முன் மாணாக்கராக அமர்ந்தார். ஒரு பழைய நூல் யாருடைய வாழ்வைப் பற்றியதோ, அவர்களே அந்நூலுக்கு உரையாசிரியராக முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதனை மனத்திற் கொண்டு, சென்னைக்கு வடக்கே பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குச் செல்க. கோட்டைக்குப்பம் என்பது அங்குள்ள மீனவர் ஊர்களுள் ஒன்று. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவிற்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. கடலும் கழியும் கலக்கும் முகத்துவாரம், இறாலும் நண்டும் மடவையும் படும் ஆழமற்ற நீர்ப்பரப்பு, பறவைக் கூட்டம், மணல், உப்பங்காற்று. நெய்தல் என்னும் திணைக்குத் தமிழ்ப்பாட்டில் எவையெவை கருப்பொருள் எனச் சொல்லப்பட்டனவோ, அவற்றைப் பார்க்க அவ்வூர் மாணாக்கன் பாடநூலைத் திறக்க வேண்டியதில்லை. வீட்டுக் கதவைத் திறந்தாலே போதும்.

ஊர்ப்பெயரில் நிற்கும் கோட்டை என்னும் சொல்லும் கருதத் தக்கது. 1613-இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு நெடுங்காலம் அதுவே தலைமையிடமாக இருந்தது. கோட்டை அழிந்து போயிற்று. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அங்கு 1632 முதல் 1642 வரை கிறித்தவக் குருவாகப் பணியாற்றியவர் ஆபிரகாம் உரோகேரியசு. இந்நாட்டு மக்களின் சமயத்தையும் வழக்கங்களையும் அறிய விரும்பிய அவர், பதுமநாபன் என்னும் பார்ப்பனர் ஒருவரைத் துணைக்கொண்டார். பதுமநாபன் போர்த்துகீசு மொழியில் விளக்கிச் சொல்ல, இவர் ஒல்லாந்த மொழியில் எழுதினார். அந்நூல் அவர் மறைந்தபின் 1651-இல் இலெய்டன் நகரில் அச்சாயிற்று. அதன் பின்னிணைப்பாகப் பருத்திருகரியின் வடமொழிச் செய்யுள்கள் மொழிபெயர்க்கப் பெற்றிருந்தன. ஐரோப்பிய மொழியொன்றில் வெளிவந்த வடமொழி இலக்கியத்துள் அதுவே முந்தியது எனக் கருதப்படுகிறது.

தமிழ்க் கடற்கரையில், தமிழ் மீனவர் ஊர்களுக்கு நடுவே, பத்தாண்டுகள் இருந்த ஓர் அயல்நாட்டார் இந்நாட்டின் பழைய இலக்கியம் யாது எனக் கேட்டபோது அவர் கையில் வடமொழிச் செய்யுளே வைக்கப்பட்டது! அக்கரையைப் பற்றிய பாட்டுகள், அம்மணலையும் அவ்வலையையும் அம்மக்களையும் பாடிய பாட்டுகள், எங்கோ மடங்களிலும் வீடுகளிலும் ஓலையாய்க் கிடந்தன. குருவின் மேல் குற்றமில்லை. அவர் கேட்டார், கிடைத்ததை எழுதினார். பதுமநாபனையும் பழித்துப் பயனில்லை. அவர் அறிந்ததை அவர் சொன்னார். கேட்டவரிடம் எடுத்துச் சொல்லக் கோட்டைக்கு வெளியே யாரும் இல்லை என்பதே நெஞ்சைச் சுடுவது. அக்கரை மக்கட்கே அப்பாட்டுகள் இருப்பது தெரியாது. அன்று தெரியாமற் போனதற்கு ஓலை காரணம். இன்று தெரியாமல் இருப்பதற்கு எது காரணம்?

நற்றிணையில் நாற்பத்தைந்தாம் பாட்டை எடுத்துக்கொள்க. பதினோர் அடிகள். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. கடற்கரைச் சோலையை ஒட்டிய ஒரு சிற்றூர். அங்கே ஒரு பெண்ணை விரும்பி வந்து நிற்கிறான் ஒருவன். அப்பெண்ணின் தோழி அவனோடு பேசுகிறாள். இவள் ஆழ்கடலுட் புகுந்து மீன் பிடிப்பவர் வீட்டுப் பெண் என்கிறாள். நீயோ கொடிகள் ஆடும் கடைத்தெருக்களையுடைய பழைய நகரத்தில், தேர் வைத்திருக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளை என்கிறாள். சுறாவை அறுத்துக் காயப் போட்டுவிட்டுப் பறவையை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்களிடம் உனக்கு என்ன அழகு தெரிகிறது எனக் கேட்கிறாள். எங்கள் மேல் மீன்வாடை அடிக்கும், கொஞ்சம் எட்டி நின்று பேசு என்கிறாள். கடலையே விளைநிலமாகக் கொண்ட எங்கள் எளிய நல்வாழ்வு உங்கள் வாழ்வோடு ஒத்து வருவதன்று என்கிறாள். இவ்வளவும் சொல்லிவிட்டு, எங்கள் மக்களிலும் பெரியோர் உண்டு என ஒரே அடியில் முடித்து விடுகிறாள்.

இப்பாட்டைக் கோட்டைக்குப்பத்து மாணாக்கி ஒருத்தி படிப்பதாக எண்ணிப் பார்க்க. அவள் வீட்டு முற்றத்திலும் மீன் காய்கிறது. அவளும் காக்கை ஓட்டியிருப்பாள். அவள் தாய் மீன்கூடையோடு பேருந்தில் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக் கொள்வதை அவள் பார்த்திருப்பாள். 2021-ஆம் ஆண்டு திசம்பரில், குமரி மாவட்டத்துக் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய முதிய அம்மையார் ஒருவர் நாற்றம் அடிக்கிறதெனச் சொல்லிப் பேருந்தினின்று இறக்கி விடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்தில் நின்றபடி முறையிட்ட காட்சி நாடெங்கும் பரவிற்று. பேருந்துப் பணியாளர் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டு மூத்த மொழி என மேடையில் மார்தட்டும் தமிழ்நாட்டில்தான் இது நடந்தது. அவ்வம்மையாரை இறக்கிவிட்டவரும் பள்ளியில் நெய்தல் திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எழுதியவராகவே இருந்திருக்கக் கூடும்.

இனி அம்மாணாக்கியின் எதிர்வினை என்னவாக இருக்கும்? மீன்வாடையைப் பற்றி ஒரு பெண் தலைநிமிர்ந்து, தானே முந்திக்கொண்டு, எதிரே நிற்கும் செல்வனிடம் சொல்லிக் காட்டுவது அவளுக்குப் புதிதாக இருக்கலாம். வாடை அடிக்கிறது, தள்ளி நில் என்று பேருந்தில் மற்றவர் சொல்வர். பாட்டில் அவளே சொல்கிறாள். யார் சொல்கிறார் என்பதில் எல்லாமே மாறிப் போகிறது. இப்பாட்டில் உள்ள இந்தச் சிறு திருப்பத்தைக் கண்டுகொள்ள உரையாசிரியர் வேண்டுவதில்லை. தாயோடு ஒருமுறை பேருந்தில் போயிருந்தால் போதும்.

இன்னொன்றும் நிகழலாம். அவள் பாட்டை ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். எங்கள் வாழ்வு உங்களோடு ஒவ்வாது என்று அத்தோழி ஏன் சொல்ல வேண்டும், அது தாழ்வுரை அன்றோ என அவள் கேட்கலாம். இல்லை, அவனைத் தொலைவில் நிறுத்துவதற்காகச் சொன்ன எள்ளல் அது என அவள் பக்கத்து இருக்கைப் பெண் மறுக்கலாம். இலக்கண நூலார் இதனைச் சேட்படுத்தல் என்பர். அஃதாவது, தலைவனை எளிதில் நெருங்கவிடாது அகற்றி நிறுத்துதல். அப்பெயரைச் சொல்லி வாதத்தை முடித்து விடாமல், இருவரையும் வாதாட விடுவதே ஆசிரியர் செய்யத் தக்கது. இதைப் பாடியவர் மீனவரா, நகரத்துப் புலவரா, எங்கள் பெயரால் வேறொருவர் பேசுகிறாரா என மூன்றாமவன் ஒருவன் கேட்டாலும் சினங்கொள்ளல் வேண்டா. அது நல்ல கேள்வி. ஈராயிரம் ஆண்டுப் பாட்டு இக்கேள்விகளால் நைந்து போகாது. கேள்வியே எழாத இடத்தில்தான் அது நைந்து போயிருக்கிறது.

மேலே குடந்தைச் சமணரைப் பற்றிச் சொன்னது ஈண்டு நினைக்கத் தக்கது. நெய்தற் பாட்டுகளில் இன்னும் சரிவர விளங்காத இடங்கள் பல. செடியின் பெயர், மீனின் பெயர், வலையின் பெயர், காற்றின் பெயர் எனப் பலவற்றிற்கு உரைகாரர் ஒருவகைச் செடி, ஒருவகை மீன் என எழுதி நகர்ந்திருக்கின்றனர். கடலைக் காணாத ஊரில் இருந்து உரை எழுதினால் அப்படித்தான் எழுத முடியும். பட்டினப்பாலையில் ஒரு காட்சி: முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்கின்றனர். சுறாவுக்குக் கொம்பு ஏது என வகுப்பறையில் மாணாக்கர் விழிப்பர். கரையோரத்து முதியவரைக் கேட்டால், வாள்போல் நீண்ட பல்வரிசை மூக்குடைய வேளாவைச் சொல்வர். பாட்டில் வரும் கொம்பு அதுவாகலாம் என அறிஞர் சிலரும் கருதுகின்றனர். முழுநிலா நாளில் ஏன் போகவில்லை? உரையில் அது விழாநாள் என்ற அளவில் முடிந்துவிடும். நிலவொளியில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்து விடும், மீன்பாடு குறையும் என்பது வலைஞர் பட்டறிவு. அப்பட்டறிவோடு அப்பாட்டைப் படிக்கும் பிள்ளை, அது விழா மட்டும் அன்று, தொழிலின் ஓய்வுநாளும் ஆகலாம் என எழுந்து சொல்லக் கூடும். அவன் சொல்வது சரியா தவறா என ஆராயலாம். ஆனால் அவ்வாராய்ச்சியில் அவனே முதற்சான்று.

இறவு என ஏட்டில் உள்ளதை எறா என அவன் வீட்டில் சொல்கின்றனர். அடும்பு என ஏட்டில் உள்ளதை அடப்பங்கொடி என மணலில் மிதித்து நடக்கிறான். கழி என்னும் சொல்லுக்கு அகரமுதலியைப் புரட்ட வேண்டிய தேவை அவனுக்கில்லை. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பம் உள்ளிட்ட பட்டினவர் ஊர்களில், தலைக்கட்டுப் பட்டியலில் உள்ளவர்க்கு முறைவைத்துச் சீட்டிட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவனுக்கே போய்ச் சேராமல், எல்லார்க்கும் மாறி மாறி வாய்க்கும்படி அமைத்திருக்கின்றனர். எந்த அரசும் எழுதிக் கொடுத்த சட்டம் அன்று, வழிவழியாகக் கைக்கொண்டது. அப்பட்டியலில் இடம் பெறாத பிற மீனவர்க்கு அம்முறையின்மேல் மனக்குறை உண்டென்பதும் உண்மையே; அவ்வழக்கு ஈண்டைக்கு வேண்டுவதன்று. ஈண்டு சொல்ல வந்தது சொல்லைப் பற்றி. படு என்னும் வேரிலிருந்து பிறந்தது பாடு. வலையில் மீன் படுவதும் பாடு. அது படும் இடமும் முறையும் பாடு. மாந்தன் படும் தொல்லையும் பாடு. இம்மூன்று பொருளும் ஒரே நாளில் ஒரே வீட்டில் வழங்கும் ஊர் அது. சொற்பிறப்பியல் பாடத்தை அங்கே தொடங்காமல் வேறெங்கே தொடங்குவது?

ஆனால் அவ்வூர்ப் பிள்ளைக்குப் பள்ளியில் என்ன சொல்லப்படுகிறது? உன் பேச்சு கொச்சை, அதை விட்டொழி, ஏட்டுத் தமிழைக் கற்றுக்கொள் என்று சொல்லப்படுகிறது. அவன் வாயில் இருக்கும் சொல்லின் பழைய வடிவமே ஏட்டில் இருக்கிறது என அவனுக்கு யாரும் காட்டுவதில்லை. வீட்டுச் சொல்லைக் கழற்றி வாயிலில் வைத்துவிட்டு வகுப்பறைக்குள் வருகிறான். உள்ளே அதே சொல் பழந்தமிழ் என்னும் பெயரில் அவனை மிரட்டுகிறது. வேளாவைக் கண்ட முதியவர் தொகையும் குறைந்து வருகிறது; அம்மீனும் கடலில் அருகிவிட்டது. இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் கேட்பதற்கும் ஆள் இராது.

மறுபுறத்தில், உரியவர் அறியாத செல்வம் அயலிடத்தில் இருந்த கதையும் உண்டு. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் 1929-இல் பிறந்தவர் ஏ.கே. இராமானுசன். கன்னடத்தில் பாட்டெழுதியவர், ஆங்கிலத்தில் பயின்றவர். 1962-இல் சிக்காகோப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போனவர் கையில், சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. அதன்பின் அவர் அதை விடவில்லை. 1967-இல் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட நூலின் வழியாகவே உலகத்துப் பலர் அகப்பாட்டுகளை அறிந்தனர். விவிலியத்தில் கழுதையைத் தேடிப் போனவனுக்கு அரசு கிடைத்த கதையோடு தம் நிலையை அவரே ஒப்பிட்டிருக்கிறார். தம் சொத்தை அறியாத உரிமைக்காரராகத் தாம் இருந்ததையும் சொல்லியிருக்கிறார். அவரிடம் யாரும் தமிழின் தகுதிகளை அடுக்கி மெய்ப்பிக்கவில்லை. நூல் கையில் கிடைத்தது, படித்தார், அவ்வளவே.

சிக்காகோவில் கிடைத்த நூல் கோட்டைக்குப்பத்தில் கிடைக்கிறதா? முன்பு அதற்கு ஏலாமை என்னும் விடை இருந்தது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் சென்னை மாநிலம், ஆண்டு 1948. ஆயினும் சிற்றூர் நூலகத்தில் நற்றிணையைத் தேடினால் வெறுங்கையோடு திரும்புவதே பெரும்பாலும் வாய்க்கும் நிலையாக இருந்தது. இன்று அவ்விடை செல்லாது. மதுரைத் திட்டம் 1998 முதலே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் உரைகளோடு வைத்திருக்கிறது. படகில் போகும் பிள்ளையின் கைப்பேசியிலும் நற்றிணை முழுவதும் இருக்கிறது. விலை ஏதும் இல்லை. இல்லாதிருப்பது நூலன்று; இந்த நாற்பத்தைந்தாம் பாட்டைத் திறந்து பார் என்று சொல்ல ஓராள்.

இவ்விடத்தில் தமிழியக்கத்தாரும் தம்மைத் தாமே ஒருமுறை நோக்கிக்கொள்ளக் கடவர். 2004-ஆம் ஆண்டு அத்தோபரில் நடுவணரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. பரிதிமாற் கலைஞர் காலந்தொட்டு எழுப்பப்பட்ட கோரிக்கை அது, மகிழ வேண்டியதே, மேடைதோறும் மகிழ்ந்தனர். அதே ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகத்தின் நெய்தல் நிலத்தைப் புரட்டிப் போட்டது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் எனப் பாடம் சொல்வோர் நடுவே, இரங்கிக் கிடந்த அம்மக்களின் முகாமுக்கு ஆடையும் அரிசியும் கொண்டு சென்ற நல்லோர் பலர் இருந்தனர். அவர்களை நினைத்துப் பாடப்பட்டது அந்நூல் என்பதை அவர்களிடம் சொன்னவர் எத்தனை பேர்? மொழிக்குக் கிடைத்த பட்டயத்தைப் பற்றிப் பேசிய அளவில் நூறில் ஒரு பங்கேனும் அம்மொழியில் பாடப்பட்ட மக்களிடம் அப்பாட்டைப் பற்றிப் பேசியதுண்டா?

பெருமை பேசுதல் எளிது. பாடஞ் சொல்லுதல் கடினம். மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையை வகுத்தவர் என்பதே பலரும் அறிந்தது. அதற்கு முன்னரே, 1906-இல், கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த நாளில், அவர் பட்டினப்பாலைக்கு ஆராய்ச்சியுரை எழுதினார். கல்லூரி மாணாக்கர் அந்நூலைக் கற்க வேண்டியிருந்தது, பழைய உரைப்போக்கு அவர்கட்கு எட்டவில்லை, ஆகவே எழுதினார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் குடந்தையில் பள்ளித் தமிழாசிரியர். நற்றிணை முழுவதற்கும் உரை கண்டு முதன்முதலாக அச்சேற்றியவர் அவரே. நூல் 1915-இல் வெளிவந்தது. அதனைப் பார்க்க அவர் இல்லை, 1914-இலேயே மறைந்து விட்டார். மீன்வாடையைப் பற்றிய அப்பாட்டு இன்று படிக்கக் கிடைப்பது ஒரு பள்ளி ஆசிரியரின் உழைப்பினால். இன்றைய பள்ளி ஆசிரியர் செய்ய வேண்டியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை.

இதனாலெல்லாம் அப்பிள்ளைகளின் வயிறு நிரம்புமா எனக் கேட்போர் உளர். நிரம்பாது. முகத்துவாரத்தை மண் மூடினால் நற்றிணையைப் படித்து அதனைத் திறக்க முடியாது. அதற்கு வாருபொறி வேண்டும், அரசின் பணம் வேண்டும். வலையும் எரிபொருளும் விலையேறினால் ஐங்குறுநூற்றில் நூறு நெய்தற்பாட்டுப் பாடிய அம்மூவனார் வந்து கடன் அடைக்கப் போவதில்லை. இலக்கியத்தின் பயன் இன்னதென இல்லாததையெல்லாம் ஏற்றிச் சொல்வது, கேட்கும் மாணாக்கனை ஏமாற்றுவதாகும். அவன் ஏமாறவும் மாட்டான். ஆயினும், முகத்துவாரத்தைத் திறந்து தருக என மாவட்ட ஆட்சியர் முன் நிற்கும்போதும், பேருந்தில் எழுந்து நில் என ஒருவர் சொல்லும்போதும், என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்பது ஒரு கேள்வி. தேரில் வந்தவன் முன் நின்று அப்படிப் பேசிய பெண் ஒருத்தி தன் கரையில், தன் தொழிலில், தன் மொழியில் முன்பே இருந்திருக்கிறாள் என அறிந்தவளும் அறியாதவளும் அவ்விடத்தில் ஒரே மாதிரியாக நிற்பார்களா?

அடுத்த முறை நெய்தல் திணை பாடம் வரும்போது, தகுதிப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், ஆசிரியர் அப்பதினோர் அடிகளை மட்டும் எழுதிப் போடட்டும். பொருள் சொல்ல வேண்டியதில்லை. அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதட்டும். உணக்கல் என்றால் என்ன என்று கேட்டால், காய வைத்த மீன் எனப் பிள்ளைகளில் எவரேனும் சொல்லிவிடுவர். பிறகு சுண்ணத்துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி இருக்கையைப் பார்த்துக் காத்திருக்கட்டும்.